சோலார் தகட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது? நெடுந்தீவைப் பார்த்துப் படிப்போம்



கரண்ட் கம்பி வராத லயத்துக்கும், மலை உச்சியில் தனியாக நிற்கும் வீட்டுக்கும் சோலார் விளக்கு பெரிய உதவி. தகடு, பெட்டரி, அதை அடக்கி ஆளும் சார்ஜ் கொன்ட்ரோலர், இரண்டு மூன்று பல்பு, இவ்வளவுதான் சாமான். இவை எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டும். ஆனால் தகட்டை எந்தத் திசைக்குத் திருப்புவது, எவ்வளவு சாய்ப்பது என்பதற்குக் காசு கிடையாது. காசில்லாத அந்த வேலையில்தான் நம்ம ஆட்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். கூரை எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் அடித்துவிட்டுப் போகிறார்கள். மழை மாதம் வந்ததும் ராத்திரி எட்டு மணிக்கே லைட் மங்குது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற புள்ளை மறுபடியும் குப்பி விளக்கைத் தேடுது. இரண்டு வருசத்துல பெட்டரியும் செத்துப் போகுது. கடன் மட்டும் மிச்சம்.

இந்தத் திசைக் கணக்கை விளங்கிக்கொள்ள நல்ல இடம் நெடுந்தீவு.

தோட்டத்துக்கும் தீவுக்கும் என்ன சம்பந்தம்?

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருப்பது நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போக வேண்டும். பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். பவளக் கல்லை அடுக்கிய வேலியும், தரவையில் மேயும் குதிரைகளும் அந்த ஊருக்கு அடையாளம். நாட்டின் பெரிய மின்கம்பி வலையிலிருந்து கடல் பிரித்து வைத்த இடம் அது. அதனால் இலங்கை மின்சார சபை பல ஆண்டுகள் டீசல் இயந்திரம் ஓட்டித்தான் அங்கே கரண்ட் கொடுத்து வந்தது. அந்த டீசலும் படகில்தான் போக வேண்டும்.

2022 மார்ச் மாதம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின் திட்டம் அமைக்க இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. 2024 மார்ச் மாதம் வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட்-மணி பெட்டரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது அதன் திட்டம். பெரிய மின்வலையோடு சேராத இடத்தில் வெயிலை மட்டும் நம்ப முடியாது, பெட்டரியும் வேறு துணையும் வேண்டும் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

சின்ன வீட்டுக்கும் அதே கதைதான். 1997 முதல் 2002 வரை உலக வங்கி உதவியோடு நடந்த ஒரு திட்டத்தில் மட்டும் இலங்கைக் கிராமங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு சோலார் விளக்கு போனது. ஒரு தகடு, ஒரு பெட்டரி, அவ்வளவுதான். துணைக்கு டீசல் இயந்திரம் கிடையாது. அதனால் தகட்டின் திசை அங்கே இன்னும் முக்கியம்.

நெடுந்தீவை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணம், அது தட்டையான தீவு. சூரியனை மறைக்க மலை இல்லை. முதலில் அங்கே கணக்கைப் படித்துவிட்டு, பிறகு நம்ம மலைக்கு வருவோம்.

சூரியன் எந்த வழியில் போகுது?

சூரியன் கிழக்கே உதிக்கும், மேற்கே மறையும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடுப்பகலில் அது எப்போதும் தலைக்கு நேரே நிற்பதில்லை. ஒரு காலம் தெற்கே சாய்ந்து நிற்கும், ஒரு காலம் வடக்கே சாய்ந்து நிற்கும். தை பிறந்தால் உத்தராயணம், ஆடி பிறந்தால் தட்சிணாயனம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தப் போக்கைத்தான்.

நெடுந்தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் வருசத்தில் இரண்டு தடவை மட்டும் உச்சிக்கு நேரே வரும். ஒன்று ஏப்ரல் 14ஆம் திகதியை ஒட்டி, அதாவது சித்திரைப் புத்தாண்டு சமயம். மற்றது ஓகஸ்ட் 28ஆம் திகதியை ஒட்டி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். மிச்சம் ஏழரை மாதமும் தெற்குப் பக்கம் நிற்கும்.

எவ்வளவு தூரம் சாயும்? ஜூன் 21இல் உச்சியிலிருந்து வடக்கே 14 பாகை. டிசெம்பர் 21இல் தெற்கே 33 பாகை. பாருங்கள், தெற்குப் பக்கம் சாய்வது அதிகம், நிற்கிற காலமும் அதிகம். தகடு தெற்குப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எவ்வளவு சாய்ப்பது?

வெயில் தகட்டில் நேரே குத்தினால்தான் முழுப்பலன். சரிந்து விழுந்தால் பலன் குறையும். நேரே குத்தும் வெயிலை 100 என்று வைப்போம். மேகமில்லாத நடுப்பகலில் நெடுந்தீவில் கிடைப்பது இவ்வளவு:

டிசெம்பர் 21இல்: வடக்கே 10 பாகை சாய்த்தால் 73. தட்டையாகப் படுக்க வைத்தால் 84. தெற்கே 10 பாகை சாய்த்தால் 92. தெற்கே 15 பாகை என்றால் 95. தெற்கே 30 பாகை என்றால் முழு 100.

ஜூன் 21இல்: வடக்கே 10 பாகை என்றால் முழு 100. தட்டையாக என்றால் 97. தெற்கே 10 பாகை என்றால் 91. தெற்கே 15 பாகை என்றால் 88. தெற்கே 30 பாகை என்றால் 72தான்.

சில கடைகளில் விற்கும் கம்பிச் சட்டம் 30 பாகைக்கு வளைத்தே வரும். அந்தச் சாய்வு டெல்லி போன்ற வடக்கே இருக்கிற ஊர்களுக்குப் பொருந்தும். நம் நாட்டுக்கு அது அதிகம். இன்னொரு காரணமும் உண்டு. வானம் மூடியிருக்கும் நாளில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வராது, முழு வானத்திலிருந்தும் பரவி வரும். தகடு எவ்வளவுக்குத் தட்டையாக இருக்கோ அவ்வளவுக்கு வானத்தைப் பார்க்கும். செங்குத்தாக நிமிர்த்தினால் பாதி வானம் அதற்குத் தெரியாது.

அதற்காக ஒரேயடியாகப் படுக்க வைக்கவும் கூடாது. தூசியும் காக்கை எச்சமும் மழைத் தண்ணியோடு ஓடிப்போகக் கொஞ்சம் சரிவு வேண்டும். ஆகவே நெடுந்தீவில் அசையாமல் ஒரே இடத்தில் பொருத்தும் தகட்டுக்குத் தெற்கே 10 முதல் 15 பாகை சரியான சாய்வு.

பஞ்ச மாதத்தைப் பார்த்துத் திருப்புங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான விசயம். கம்பியோடு சேர்ந்த சோலார் வைத்திருப்பவர் வருசம் முழுக்க மொத்தம் எத்தனை யூனிட் வந்தது என்று பார்ப்பார். ஒரு மாதம் குறைந்தால் இன்னொரு மாதம் ஈடு கட்டும். நமக்கு அப்படி இல்லை. சித்திரையில் மிஞ்சின வெயிலைச் சேர்த்து வைத்துக் கார்த்திகையில் செலவழிக்க முடியாது. பெட்டரி இரண்டு மூன்று நாளைக்குத்தான் தாங்கும். ஆகவே வெயில் ஆகக் குறைவான மாதம் எது என்று பார்த்து, அந்த மாதத்துச் சூரியனுக்குத் தகட்டைத் திருப்ப வேண்டும்.

நெடுந்தீவில் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே நிற்கும். அதனால் அங்கே 10 பாகையைவிட 15 பாகை நல்லது. ஜூன் மாதம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அப்போது அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 5 வாட் எல்.ஈ.டி. பல்பு மூன்று, ஐந்து மணிநேரம் எரிந்தால் 75 வாட்-மணி. 30 வாட் சின்ன டி.வி. மூன்று மணிநேரத்துக்கு 90. கைபேசி இரண்டுக்கு 20. மொத்தம் 185 வாட்-மணி. 100 வாட் தகட்டுக்கு நல்ல நாளில் நாலு மணிநேர முழு வெயிலுக்குச் சமமானது கிடைத்தால், காலில் ஒரு பங்கு வழியில் வீணாகப் போனாலும் 300 மிஞ்சும். மழைக்காலத்தில் விட்டு விட்டு இரண்டு மணிநேர வெயில்தான் என்றால் 150 மட்டுமே. தகடு தப்பான பக்கம் இருந்து அதிலும் பத்தில் ஒரு பங்கு போனால் 135. போனது 15தானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பதினைந்தில் ஒரு பல்பு மூன்று மணிநேரம் எரியும். ஒரு புள்ளையின் ஒரு ராத்திரிப் படிப்பு அது.

பெட்டரியின் ஆயுசும் இதில்தான் இருக்கு. ஈயமும் அசிட்டும் உள்ள பெட்டரியை அரைகுறை சார்ஜில் நாட்கணக்காக விட்டால் உள்ளே இருக்கும் ஈயத் தட்டில் உப்புப் போலப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் அது பழையபடி சார்ஜ் பிடிக்காது. லோடை எல்லாம் நிறுத்திச் சிறிது நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12 வோல்ட் பெட்டரியில் 12.2க்குக் கீழே காட்டினால் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு டி.வி.யை நிறுத்தி, லைட்டை மட்டும் போடுங்கள். லிதியம் பெட்டரிக்கு இந்தக் கெடுதல் குறைவு, ஆனால் விலை கூட.

காற்றும் உப்பும்

நெடுந்தீவில் வைகாசியிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசும். நிமிர்த்தி வைத்த தகடு பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போகவும் கூடும். இங்கே இயற்கை ஓர் உதவி செய்கிறது. சோளகம் வீசும் மாதங்களில்தான் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், தகட்டைத் தட்டையாக வைப்பதே அப்போது நல்லது. ஆகவே சட்டத்தின் பின்காலில் இரண்டு துளை போட்டு, சித்திரையில் 5 பாகைக்கு இறக்கி, புரட்டாசி பிறந்ததும் 15 அல்லது 20 பாகைக்கு ஏற்றி வைக்கலாம். வருசத்துக்கு இரண்டு தடவை ஸ்பெனரைத் தூக்கினால் போதும்.

கடல் காற்றில் வரும் உப்பு தகட்டில் மெல்லிய படலமாகப் படியும். நல்ல தண்ணியில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உவர்த்தண்ணி ஊற்றினால் காய்ந்ததும் உப்பே மிஞ்சும். சாதாரண ஆணியும் கம்பியும் அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகு நட்டும் வேண்டும்.

நம்ம மலையில் எப்படி?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஏறக்குறைய ஏழு பாகையில் இருக்கிறது. உச்சி வெயில் ஏப்ரல் 7ஐ ஒட்டியும் செப்டெம்பர் 5ஐ ஒட்டியும் வரும். சூரியன் போகும் வழியில் நெடுந்தீவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மழையில்தான்.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் போன்ற மேற்கு மலைகளில் தென்மேற்குப் பருவ மழை வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை விடாது. பஞ்ச மாதம் அதுதான். அந்த நேரம் சூரியன் எங்கே? வடக்கே. ஆகவே நெடுந்தீவுக்குச் சொன்ன 15 பாகைத் தெற்குச் சாய்வை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. ஹட்டனில் ஜூன் 21 நடுப்பகலில் தட்டையான தகட்டுக்கு 96 கிடைத்தால், தெற்கே 15 பாகை சாய்த்ததற்கு 85தான். அதோடு வானமும் மூடியே இருக்கும். மேற்கு மலையில் தண்ணி வடிவதற்கு வேண்டிய 5 முதல் 10 பாகை போதும்.

பதுளை, பசறை, லுணுகலை போன்ற கிழக்குப் பக்கத் தோட்டங்களுக்குப் பெரு மழை வடகீழ்ப் பருவத்தில், கார்த்திகை, மார்கழியில் வருகிறது. அவர்களுக்கு நெடுந்தீவுக் கணக்கே சரி, தெற்கே 10 முதல் 15 பாகை.

மலையில் இன்னொரு தொல்லை நிழல். எதிரே உயர்ந்த மலை இருந்தால் காலை ஒன்பது மணி வரை வெயில் எட்டிப் பார்க்காது. தகட்டில் செல்கள் சங்கிலி போல ஒன்றோடு ஒன்று கோர்த்திருக்கும். ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்தச் சங்கிலியில் ஓடும் மின்சாரமே குறையும். ஒரு மரக் கிளை, புகைபோக்கி, பக்கத்து டி.வி. அன்ரெனா, எதுவாக இருந்தாலும் சரி. நெடுந்தீவில் பனை, தென்னை நிழல் செய்யும் கெடுதலை இங்கே தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரம் செய்யும். திசை பத்துப் பாகை தப்பினால் வரும் நட்டம் சொற்பம். நிழல் விழுந்தால் நட்டம் பெரிசு. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் படாத இடத்தை முதலில் தேடுங்கள், திசையைப் பிறகு பாருங்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

"எங்க லயத்துக் கூரை கிழக்கு மேற்காச் சரியுது. தெற்குப் பக்கமே இல்லையே, என்ன செய்யிறது?"

கவலைப்பட வேண்டாம். நம் நாட்டில் சரிவு குறைந்த கூரையில் கிழக்கோ மேற்கோ பார்த்தாலும், தட்டையாக வைத்ததைவிடக் கொஞ்சம்தான் குறையும். மலைநாட்டில் பல நாள் காலை வெளித்திருந்து பிற்பகல் மூடும். அப்படிப்பட்ட இடத்தில் கிழக்குச் சரிவே நல்லது.

"எங்களுக்கு வடக்குச் சரிவு மட்டும்தான் கிடைக்கும். வைக்கலாமா?"

கூரை செங்குத்தாக இருந்தால் நல்லதல்ல. ஹட்டனில் 20 பாகை வடக்குச் சரிவில் டிசெம்பர் நடுப்பகலில் 64தான் கிடைக்கும், தெற்குச் சரிவில் 98. கீழ்ப்பக்கத்தைச் சட்டம் போட்டுத் தூக்கித் தட்டையாக்கலாம். இல்லாவிட்டால் முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு அதன்மேல் வைக்கலாம்.

"தகரத்தோட ஒட்டி அடிச்சா உறுதியா இருக்குமே?"

உறுதியாக இருக்கும், ஆனால் சூடு பிடிக்கும். தகடு சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். 60 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். கீழே நாலு முதல் ஆறு அங்குலம் இடைவெளி விடுங்கள், காற்று ஓடட்டும். கூரை அஸ்பெஸ்டஸ் ஷீட் என்றால் அதன்மேல் ஏறி நடக்கவோ துளை போடவோ வேண்டாம். உடைந்தால் உயிருக்கே ஆபத்து, அதன் தூசியும் நெஞ்சுக்குக் கெடுதல்.

திசை காண்பதும் சாய்வு அளப்பதும்

திசைகாட்டி இருந்தால் தகரத்துக்கும் இரும்புக்கும் தள்ளி நின்று பாருங்கள். நம் நாட்டில் அதன் முள் காட்டும் வித்தியாசம் இரண்டு மூன்று பாகைதான், அது இந்த வேலைக்குப் பொருட்டல்ல.

இல்லாவிட்டால் சமதரையில் ஒரு நேரான குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நடுங்கள். அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல். பின்னேரம் மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. காலையில் வைத்த கல் மேற்கு. கிழக்குப் பார்த்து நின்றால் உங்கள் வலது கைப்பக்கம் தெற்கு. நடுப்பகல் நிழலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆனி, ஆடியில் அது தெற்குப் பக்கமே விழும், ஆளை ஏமாற்றும்.

சாய்வுக்குக் கோணமானி தேவையில்லை. தகட்டின் நீளத்தில் ஒவ்வொரு மீற்றருக்கும் மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தைவிட 17 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 10 பாகை. 26 சென்ரிமீற்றர் என்றால் 15 பாகை. 5 அடித் தகட்டுக்கு இது முறையே பத்தரை அங்குலமும் பதினைந்தரை அங்குலமும் ஆகும். கீழ் ஓரம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. உங்கள் பஞ்ச மாதத்தில், வெயில் வந்த ஒரு நடுப்பகலில், ஒரு பென்சிலைத் தகட்டின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் குட்டையாக இருந்தால் தகடு சரி. நிழல் நீண்டு விழுந்தால், அது நீளும் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

நினைவில் வைக்க

1. முதலில் நிழல், பிறகு திசை, கடைசியில் சாய்வு.

2. உங்கள் ஊரில் எந்த மாதம் மழை கூட என்று பார்த்து, அந்த மாதத்துச் சூரியனுக்குத் தகட்டைத் திருப்புங்கள்.

3. நெடுந்தீவுக்கும் கிழக்கு மலைக்கும் தெற்கே 10 முதல் 15 பாகை. மேற்கு மலைக்கு 5 முதல் 10 பாகை. 30 பாகை எங்கும் வேண்டாம்.

4. காற்றுக்குத் தாங்கக் கட்டுங்கள். மாதம் ஒரு தடவை துடையுங்கள்.

5. பெட்டரியைப் பாதிக்குமேல் வடிய விடாதீர்கள்.

சோலார் பூட்ட வருகிறவரிடம் "எந்தப் பக்கம், எத்தனை பாகை, ஏன்?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள்தானே. ஏற்கனவே பூட்டியவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை கூரையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தகட்டைத் திருப்ப வேண்டுமென்றால் லயத்து இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை. அடுத்த மழைக்கு முன்னால் செய்து முடியுங்கள்.